டெல்பின் ருசி பார்க்காத கறி

சாந்தோம்
23 பிப்ரவரி 2026

காஸ்பர் அண்ணாவுக்கு,

வழக்கமாகக் கடிதத்தின் தலையில் ஒரு சிலுவை போடுவேன். கோபத்தில் எழுதுகிறேன் என்பதால் இன்று இரண்டு போட்டிருக்கிறேன்.

முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவள் நான். சொந்த அண்ணனுக்கு லைன் கிடைக்கவில்லை. போன் அடித்தால் மணியே போவதில்லை. வாட்ஸ்அப்பில் உன் முகம் இருந்த இடத்தில் வெறும் வட்டம் நிற்கிறது. நீ என்னை பிளாக் செய்துவிட்டாய் என்பதே மாடியில் குடியிருக்கும் தமிழ்நிலா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சாந்தோமுக்கும் அடையாறுக்கும் நடுவில் ஒரு பாலம்தான் இருக்கிறது. அதைத் தாண்டி உன் வாசலில் வந்து நிற்க எனக்கும் ரோஷம் விடவில்லை. அதனால் நம் பொன்னுரங்கத்தின் ஆட்டோவில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். "இன்னாக்கா, ஒரு போன் போட்டா முடிஞ்சிடும். என்னைப் போய் போஸ்ட்மேனாக்கிகினு கீறியே" என்று அலுத்துக்கொண்டுதான் வாங்கிக்கொண்டார்.

நடந்ததை நீ உன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பாய். நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பேத்தியின் ஞானஸ்நானத்துக்குக் குடும்ப மரம் வரைந்து மண்டபத்தில் மாட்ட வேண்டும் என்று உன் மருமகள் ரீட்டா ஆசைப்பட்டாள். பெயர்களைத் திரட்டும் வேலையை என் தலையில் கட்டியது நீ. எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது, சவரிமுத்துத் தாத்தாவின் அம்மா கட்டம் மட்டும் காலி. அப்பாவின் தாத்தாவைப் பெற்றவள் பெயர் நம் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. காலராவில் போய்விட்டாள் என்று மட்டும் சொல்வார்கள். கோயில் பதிவில் பார்த்தேன். டெல்பின், அடையாறு பங்களாவில் சமையல்காரி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைத் தேடினேன் அண்ணா. காலராவாவது ஒன்றாவது. 1888இல் பெல்லாமி துரையை ஆட்டுக்கறிக் குழம்பில் ஆர்சனிக் வைத்துக் கொன்றதாக ஹைகோர்ட்டில் நிறுத்தியிருக்கிறார்கள்.

முதலில் துரைசானியையும் சேர்த்துத்தான் பிடித்தார்கள். துரைசானி மாஜிஸ்திரேட் முன்னால் மயங்கி விழுந்தாள். அவள் போட்டிருந்த தொப்பியைப் பற்றி மட்டும் அரைப் பத்தி எழுதியிருக்கிறார்கள். ஒரே வாரத்தில் விட்டுவிட்டார்கள். நம்மவள் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று எழுதிவிட்டார்கள். ஆயுள் தண்டனை போட்டு அந்தமானுக்குக் கப்பல் ஏற்றினார்கள், அவள் திரும்பவே இல்லை.

அவள் செய்திருக்க மாட்டாள் என்று என் மனசு அடித்துச் சொல்கிறது. பிள்ளைக்கு டெல்பின் என்று பெயர் வைக்கலாம் என்று அதனால்தான் சொன்னேன். ஒத்துக்கொள்கிறேன், சம்பந்தி வீட்டார் பிரியாணியை வாயில் வைக்கிற நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம். அதற்காக மறுநாளே போன் செய்து, "நீ ஞானத்தாயா நிக்க வேணாம், உன் அண்ணி ஆலிஸோட தங்கச்சி நிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவதா? எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. உன் மகன் மேத்யூவைத் தூக்கித் தூக்கித்தான் என் இடுப்பு வலியே வந்தது. அவன் பெண்ணைத் தொட்டியருகே ஏந்திக்கொண்டு, சாமியார் கேட்கும்போது பெயர் சொல்வது நான்தான் என்று அவள் பிறந்த நாளிலிருந்து மனப்பால் குடித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப வலிக்கிறது அண்ணா.

அப்பா எதையாவது "தொடாதே" என்றால் அதே மூச்சில் "ஏன்னு கேளு" என்பாரே, மறந்துவிட்டாயா? நாம் கேட்கிற வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டே நிற்பார். தெருப் பிள்ளைகள் "ஏன்னுகேளு மாமா" என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். அவர் பெற்ற பிள்ளை நீ. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் என்னை ஒதுக்கிவிட்டாய்.

ஜூலியட்

---

அடையாறு
26 பிப்ரவரி 2026

ஜூலியட்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் தூதர் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு, "சீக்கிரம் ராசியாயிடுங்க சார், இன்னா கீது இதுல" என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் என்று நான் கேட்கவில்லையாம். எதற்குக் கேட்க வேண்டும்? நீயேதான் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் போட்டு உடைத்தாயே. ஆர்சனிக் சாப்பிட்டால் வயிறு எப்படிப் புரளும் என்பது வரை சொன்னாய். ரீட்டாவின் அம்மா கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தவர்தான், இன்றுவரை என் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நேற்று பேத்தியைப் பார்க்க வந்தார். டிபன் கேரியரோடு வந்தார். ஆலிஸ் கொடுத்த காபி மேஜையிலேயே ஆறிப்போனது. போகும்போது என்னைத் தனியாக அழைத்து, "தப்பா எடுத்துக்காதீங்க, உங்க சைடுல இந்த மாதிரி வேற யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார்.

பிள்ளைக்கு ரியானா என்று பெயர் வைக்கலாம் என்று மேத்யூ சொல்கிறான். அர்த்தம் தெரியாது, ஆனால் அந்தப் பெயரில் யாரும் யாரையும் கொன்றதாகத் தெரியவில்லை. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறுக்குள் அழைப்பிதழுக்குப் பெயர் கொடுத்தாக வேண்டும். நீ வா, முன் வரிசையில் உட்கார், சாப்பிடு. அந்தச் செத்துப்போனவளைப் பற்றி வாயைத் திறக்காதே.

காஸ்பர்

---

சாந்தோம்
2 மார்ச் 2026

அண்ணாவுக்கு,

டிபன் கேரியர் விஷயம் படித்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தமிழ்நிலா மாடியிலிருந்து இறங்கி வந்து, என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனாள். சிரித்து முடித்ததும் பாவமாகவும் இருந்தது, உன்னைச் சொல்லவில்லை, ஆலிஸ் அண்ணியை. அவர் போடுகிற காபியைக் குடிக்காமல் ஒருவரால் எழுந்து போக முடியுமா?

வாயைத் திறக்காதே என்றாய். சரி, வாயைத் திறக்கவில்லை, ஜெராக்ஸ் அனுப்புகிறேன். கோர்ட்டில் நடந்ததைப் பத்திரிகையில் தினமும் போட்டிருக்கிறார்கள். படித்தால் விடமாட்டாய். உனக்குத்தான் பேங்க்கில் உட்கார்ந்து அடுத்தவன் காகிதத்தில் ஓட்டை கண்டுபிடித்த புத்தியாயிற்றே, இதிலும் கண்டுபிடி. பெல்லாமி துரை தோல் வியாபாரி. ஆற்றங்கரையில் பெரிய பங்களா. டெல்பின் புருஷனை இழந்தவள். எட்டு வயதுப் பையன் சவரிமுத்துவோடு சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்திருக்கிறாள். எட்டு வயது, அண்ணா. நமக்குத் தெரிந்ததெல்லாம் போட்டோவில் மீசையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைத்தானே.

மார்ச் 17, சனிக்கிழமை விடியற்காலையில் துரை செத்துப் போனார். அதைத்தான் எல்லாப் பத்திரிகையும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நான் மூன்று வாரமாக இதே நினைப்பாகக் கிடக்கிறேன். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. நாம் பார்க்காமல் விட்டது எதுவோ அதில் இருக்கிறது என்று மட்டும் படுகிறது. படித்துவிட்டு எழுது. பிளாக்கை எடுத்தாலும் சரி.

ஜூலியட்

---

அடையாறு
6 மார்ச் 2026

ஜூலியட்டுக்கு,

பிளாக்கை எடுப்பதாக இல்லை. ஆனால் படித்தேன். ஒரே மூச்சில் படித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆலிஸ் சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

படித்த பிறகு உன்மேல் பரிதாபம்தான் வந்தது. பட்லர் கலீமுல்லாவின் சாட்சியைப் பார். அந்த வாரம் திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்த மனிதர். அவருக்கு அவள்மேல் என்ன பகை இருக்க முடியும்? "தினமும் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துத்தான் மேஜைக்கு அனுப்புவாள், அன்று மட்டும் ருசி பார்க்கவில்லை" என்கிறார். மற்ற நாட்களில் மீந்த கறியை அவள் சாப்பிடுவாளாம், அன்று சாப்பிடவில்லை. இதெல்லாம் போகட்டும் என்றாலும் கடைசியில் அவள் பெற்ற பிள்ளையே வந்து நிற்கிறான். "உன் அம்மா அன்று கறியைத் தொடாதே என்று சொன்னாளா?" என்று கேட்கிறார்கள். "சொன்னாள்" என்கிறான்.

இதற்கு மேல் ஒரு ஜூரிக்கு என்ன வேண்டும்? அவள் வாயில் வைக்கவில்லை, பிள்ளை வாயிலும் வைக்க விடவில்லை. குழம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவள்தான் அப்படிச் செய்வாள். நான் ஜூரியில் உட்கார்ந்திருந்தாலும் அதே தீர்ப்புதான் சொல்லியிருப்பேன்.

நீ அழுவாய் என்று தெரியும். அதனால் ஒன்று சொல்கிறேன். இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு காரணம் காட்டு. அது விஷமாக இருக்கக் கூடாது. காட்டிவிட்டால் பிள்ளையை நானே உன் கையில் கொடுக்கிறேன், நீ சொல்கிற பெயர்தான். குருத்து ஞாயிறு வரை நேரம். அதற்குள் முடியவில்லை என்றால் ரியானா என்று சொல்லிவிட்டுப் பாயசம் குடி.

காஸ்பர்

---

சாந்தோம்
13 மார்ச் 2026, வெள்ளிக்கிழமை

அண்ணா, அண்ணா, அண்ணா,

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பேனா நிற்க மாட்டேன் என்கிறது. பொன்னுரங்கம் வாசலில் ஆட்டோவை ஓடவிட்டு நிற்கிறார். "யக்கா, வண்டில கேஸு தீந்துபோவுது, சீக்கிரம் எழுது" என்று கத்திக்கொண்டிருக்கிறார். கத்தட்டும். நானே தந்தி அடிக்கிற வேகத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தமிழ்நிலாவுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். தரமணி ஆபீசுக்கும் போகவில்லை. நாக்கு செத்துப்போச்சு ஆன்ட்டி என்று புலம்பினாள். மனசு கேட்காமல் காலையில் நெஞ்செலும்பு வாங்கி மிளகு தட்டிப்போட்டு சூப் வைத்தேன். கொதி வந்ததும் அவளைக் கீழே கூப்பிட்டு, "உப்பு சரியா இருக்கா பாரு" என்று கரண்டியை நீட்டினேன்.

"நீங்களே பாக்க வேண்டியதுதானே ஆன்ட்டி?"

"நான் வாயில வைக்க மாட்டேன். நீ பாரு."

அவள் கரண்டியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். டெல்பின் கேஸ் கதையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "இன்னா ஆன்ட்டி, எதுனா கலந்து கிலந்து வெச்சிருக்கீங்களா? நீங்க மட்டும் வாயில வைக்க மாட்றீங்க" என்று சிரித்தாள்.

"அடிப்பாவி, இன்னைக்குத் தபசு வெள்ளிடி. கரண்டியைக்கூட நக்க மாட்டேன்" என்றேன்.

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. தபசுகாலத்து வெள்ளிக்கிழமை. நம் வீட்டில் எவர் கறியை வாயில் வைப்பார்கள்? அடுத்தவருக்காகச் சமைக்க நேர்ந்தால் ருசி பார்ப்போமா? அடுத்த வீட்டு அமீனா பீ வெள்ளிக்கிழமையில் பிரியாணி கொடுத்தனுப்பினால் அம்மா தட்டை மூடி அலமாரிமேல் வைத்துவிட்டு நம்மை "தொடாதீங்க" என்று அதட்டுவாளே. நீ ஒருநாள் நாற்காலி போட்டு ஏறி உதை வாங்கினாயே.

அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் ஜெராக்ஸை எடுத்தேன். துரை செத்தது 17ஆம் தேதி சனிக்கிழமை. எல்லோரும் அந்தத் தேதியையே பிடித்துக்கொண்டு தொங்கினார்கள், நானும்தான். ஆனால் அவர் சாப்பிட்டது அதற்கு முந்தைய ராத்திரி. 16ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. தமிழ்நிலா போனில் பார்த்தாள், அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 1. அதற்கு முந்தைய நாற்பது நாள் தபசுகாலத்தின் நடுவில்தான் அந்த வெள்ளி வருகிறது. ருசி பார்க்காததற்கும், மீந்ததைத் தின்னாததற்கும், பிள்ளையைத் தொட விடாததற்கும், மூன்றுக்கும் ஒரே காரணம் கேட்டாயே, இந்தா. அன்று கறி தொடாத சுத்தபோசனம், அவ்வளவுதான். பட்லர் பாவம் பொய் சொல்லவில்லை. திங்கட்கிழமை வந்தவர், அவள் சமைக்கிற ஒரு வெள்ளிக்கிழமையை அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை.

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற நான், வெள்ளி தவறாமல் பருப்பு வைக்கிற நான், இதை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் பார். விஷம் யார் வைத்தார்கள் என்று என்னைக் கேட்காதே. பங்களா ஸ்டோரில் கரையானுக்கு வைக்கும் பொடி இருந்தது, துரை ஏதோ சத்து மருந்து வேறு குடித்தார், வீட்டில் ஆட்களும் நிறைய. அது போலீஸ் வேலை. நம்மவள் இல்லை, எனக்கு அது போதும்.

பொன்னுரங்கம் ஹாரன் அடிக்கிறார். பிள்ளையை என் கையில் கொடு அண்ணா.

ஜூலி

---

அடையாறு
17 மார்ச் 2026

ஜூலி,

நீ அனுப்பியதை வாசலிலேயே நின்று படித்தேன். உள்ளே வந்து நானும் காலண்டரைப் பார்த்தேன். உன்னை நம்பாமல் இல்லை, பழக்கதோஷம். ஏப்ரல் 1தான். பங்குச் சாமியாரிடமும் கேட்டேன், அந்தக் காலத்தில் இதெல்லாம் இப்போதைவிடக் கடுமையாக இருந்தது என்றார். ஆலிஸிடம் சொன்னதும் அவள் கையிலிருந்த கீரைக்கட்டை அப்படியே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பட்லர் விஷயத்தை நீ பிடித்தாய் பார், அது சாமர்த்தியம். அந்தத் திங்கட்கிழமை என் கண்ணில்தான் முதலில் பட்டது, நான்தான் உனக்கு எழுதினேன், ஆனாலும் அதை நான் தலைகீழாகப் புரிந்துகொண்டேன்.

ஆனால் ஜூலி, ஒரு இடம் உதைக்கிறது. ஜூரியில் இருந்தவர்கள் எல்லாம் துரைமார், வேறு சபை, நம்மைப்போல் கத்தோலிக்கர்கள் இல்லை. அவர்களுக்கு நம் வெள்ளிக்கிழமை தெரிந்திருக்காது. டெல்பினுக்குத் தெரியுமே. "இன்று எங்களுக்குச் சுத்தபோசனம்" என்று ஒரு வரி சொன்னால் உயிர் தப்பும் என்கிறபோது எவளாவது வாயை மூடிக்கொண்டு அந்தமானுக்குக் கப்பல் ஏறுவாளா? அவள் ஊமை இல்லையே. இதற்குப் பதில் இல்லாமல் சம்பந்தியிடம் போய் நான் நிற்க முடியாது. அந்த அம்மாள் கேட்கிற முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது, இதற்குச் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. சவரிமுத்துத் தாத்தா சாகும்வரை கறியே தின்றதில்லையாம். கிறிஸ்துமஸ் அன்றுகூடச் சாம்பார்தானாம். புண்ணியவான் என்று ஊரில் கும்பிடுவார்களாம். அப்பா சொல்லியிருக்கிறார்.

நீ முக்கால்வாசி ஜெயித்துவிட்டாய். மீதியையும் தேடு. சீக்கிரம் தேடு, அச்சகத்தில் தினமும் கேட்கிறார்கள்.

காஸ்பர்

---

சாந்தோம்
24 மார்ச் 2026

அண்ணா,

கிடைத்துவிட்டது. குதித்துக்கொண்டு எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். போன கடிதத்தைக் குதித்துக்கொண்டுதான் எழுதினேன். இதை எழுதும்போது இரண்டுமுறை எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

தீர்ப்பு நாள் செய்தியை நான் படிக்கவே இல்லை. முடிவு தெரியும், எதற்குப் படித்து வயிற்றெரிச்சல் பட வேண்டும் என்று விட்டிருந்தேன். உன் கேள்விக்காக அதையும் தேடி எடுத்துப் படித்தேன். தீர்ப்புக்கு முன்னால் ஜட்ஜ் அவளைக் கேட்டிருக்கிறார், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. அவள் பேசியிருக்கிறாள் அண்ணா. துபாஷி மொழிபெயர்த்ததை அப்படியே போட்டிருக்கிறார்கள். "என் பிள்ளையைக் கேளுங்கள், அவனுக்குத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். வேறு என்ன சொல்வாள்? குற்றம் சாட்டப்பட்டவள் வாயால் ஆயிரம் சொன்னாலும் தப்பிக்கச் சொல்கிறாள் என்பார்கள். குழந்தை சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை கறி தொடக் கூடாது என்று அவனுக்கு மூன்று வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே. அவனைக் கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவான்.

பத்திரிகைக்காரன் அதை எப்படி எழுதியிருக்கிறான் தெரியுமா? "கடைசி நேரத்திலும் பெற்ற மகனையே வம்புக்கு இழுத்தாள்" என்று. அவளுடைய வக்கீல், பையனைத் திரும்பக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதல் தடவை அவன் வாயைத் திறந்ததிலேயே கேஸ் கவிழ்ந்தது, இன்னொரு தடவை திறந்தால் என்ன ஆகுமோ என்று பயந்திருக்கிறார். பையன் அப்போது கோர்ட்டுக்கு வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தானாம். அதையும் எழுதியிருக்கிறார்கள்.

அன்று அவனிடம் கேட்டது ஒரே கேள்வி. அம்மா தொடாதே என்று சொன்னாளா? சொன்னாள். உண்மையைத்தானே சொன்னான். குழந்தை, கேட்டதற்குப் பதில் சொன்னான். ஏன் தொடாதே என்றாள் என்று அந்தக் கோர்ட்டில் ஒரு மனிதன் கேட்கவில்லை. ஒருவன் கேட்டிருந்தால் போதும், அவள் அன்று சாயங்காலமே அவனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்திருப்பாள்.

பெரியவனான பிறகு அவனுக்குப் புரிந்திருக்கும் இல்லையா? எந்த வயதில் புரிந்திருக்கும்? கறி தின்னாமல் இருந்தது புண்ணியத்துக்கு இல்லை அண்ணா. அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொண்டதும் அவமானத்தால் இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அவரால் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டுமோ செய். ரியானா என்றுதான் அச்சடிக்க வேண்டும் என்றாலும் நான் சண்டை போட மாட்டேன். என்னைப் பூசைக்கு மட்டும் வரச் சொல்.

ஜூலி

---

அடையாறு
27 மார்ச் 2026, வெள்ளிக்கிழமை

ஜூலிம்மா,

உன் கடிதத்தை ரீட்டாவிடம் கொடுத்தேன். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு படித்தாள். படித்து முடித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மேத்யூ பின்னாலேயே போனான். திரும்பி வந்தவன், "அச்சகத்துக்கு நான் பேசிக்கிறேன்ப்பா" என்று மட்டும் சொன்னான்.

அவள் தன் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் இன்று மதியம் வந்தார். கேரியர் இல்லாமல் வந்தார். ஆலிஸ் பருப்பும் வாழைக்காய் வறுவலும் வைத்திருந்தாள். உட்கார்ந்து இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "பாவம், அந்தப் புள்ள" என்றார். எந்தப் பிள்ளையைச் சொல்கிறார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அதெல்லாம் இருக்கட்டும். இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நீ உன் கையால் எழுதிவிட்டு, நீயே கவனிக்காமல் போய்விட்டாய். முதல் கடிதத்தில் அப்பாவை வைத்து என்னைத் திட்டினாய். தொடாதே, ஏன்னு கேளு. நேற்று உன் கடிதத்தில் "ஏன் என்று ஒரு மனிதன் கேட்கவில்லை" என்கிற வரிக்கு வந்ததும் உன் முதல் கடிதத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

அது அப்பாவின் கிறுக்குத்தனம் இல்லை ஜூலி. ஒருநாள் நான் அவரிடமே கேட்டிருக்கிறேன், எதற்குப்பா எப்போது பார்த்தாலும் இப்படி, பசங்க கேலி பண்றாங்க என்று. சவரிமுத்துத் தாத்தாவிடமிருந்து தொற்றிக்கொண்டது என்றார். சின்ன வயதில் அப்பா எதையாவது எடுக்கப் போனால் தாத்தா கையைப் பிடித்துக்கொள்வாராம். "தொடாதே. ஏன்னு கேளு." கேட்கிற வரைக்கும் விடமாட்டாராம். சில சமயம் அப்பா வேண்டுமென்றே கேட்காமல் நின்றால், தாத்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடுமாம். "கேளுடா, தயவுபண்ணிக் கேளுடா" என்பாராம். வயசாகிப் புத்தி பிசகிவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்களாம். அப்பா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நானும் சிரித்தேன்.

இப்போது அந்தக் கோர்ட் வராந்தாதான் கண்ணுக்குள் நிற்கிறது. யாராவது வந்து கேட்பார்கள் என்று உட்கார்ந்திருக்கிறான். கிழவனாகிறவரை உட்கார்ந்திருந்தார் போல.

நான் மேத்யூவை அப்படித்தான் வளர்த்தேன். அடுப்பைத் தொடாதே, ஏன்னு கேளு. பிளக்கைத் தொடாதே, ஏன்னு கேளு. யாருடைய வார்த்தை என்று தெரியாமலே சொல்லியிருக்கிறேன். உன் விஷயத்தில் மட்டும் அந்த வார்த்தை எனக்கு மறந்துபோனது. என்மேல் கோபம் இருந்தால் வைத்துக்கொள், ஆனால் வா.

ஏப்ரல் 12, காலை ஏழரைப் பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். பிள்ளையை நீதான் ஏந்துகிறாய், ஆலிஸின் தங்கையிடம் பேசியாகிவிட்டது. இடுப்பு வலிக்கிறது என்று சாக்குச் சொல்லாதே. நவம்பரில் இறந்த ஆன்மாக்கள் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும்போது அந்த அம்மா பெயரையும் அந்த மகன் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன், சேர்த்து வாசிக்கட்டும். குடும்ப மரத்தில் அந்தக் கட்டத்தை ரீட்டா தானே நிரப்பிவிட்டாள்.

பிளாக்கையும் எடுத்துவிட்டேன். ஆனால் இதைப் போனில் சொல்ல எனக்கு நா எழவில்லை, அதனால் கடைசியாக ஒருமுறை பொன்னுரங்கத்திடமே கொடுத்தனுப்புகிறேன்.

சாமியார் பெயரைக் கேட்கும்போது தயங்காதே, கோயிலின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி டெல்பின் என்று சொல். பூசை முடிந்து மண்டபத்தில் யாராவது ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால் சொல்லு. கேட்காவிட்டாலும் சொல்லு.

அண்ணன்
காஸ்பர்